கத்தரிக்கோலார் தம் கோரிக்கையைத் துரத்திய படலம்

வாழ்க கத்தரிக்கோலார். விதிநூற் கடலின் கரைகண்டவர், உட்பிரிவு வனத்தில் உலவும் வேங்கை, முத்திரையில்லா ரசீதை மூன்று மேசை தள்ளியிருந்தே மோப்பம் பிடிக்கும் மூக்கினர், மறுப்பின் மாமன்னர், வாழ்க. அவர் தோள் வாழ்க. தோளிலிருந்து இறங்கும் கை வாழ்க. அந்தக் கையின் நுனியில் அமர்ந்து, விசைப்பலகை வானில் பருந்தென வட்டமிட்டு, குறை கண்ட இடத்தில் குத்தென இறங்கும் ஆள்காட்டி விரல் எல்லாவற்றினும் மேலாக வாழ்க.

காவியம் செய்வோர் நாட்டைப் பாடுவர், நகரைப் பாடுவர், ஆற்றில் மீன் துள்ளுவதைக்கூட விடாமல் பாடி, கேட்பவர் கொட்டாவி விடும் நேரம் பார்த்துத் தலைவனைத் தேரேற்றிக் கொண்டுவருவர். நமக்கு அவ்வளவு பொழுதும் இல்லை. நம் தலைவருக்குத் தேரும் இல்லை. ஆகவே நாடும் நகரும் அவை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியை மட்டும் பாடுவோம். அங்கே மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கோரிக்கைப் பிரிவு இருக்கிறது. ஐந்து மேசைகள், ஐந்து கணினிகள், ஒருபக்கமாகச் சாயும் ஒரு சுழல் நாற்காலி, யாரும் தண்ணீர் ஊற்றாமலே பச்சையாக நிற்பதால் பிளாஸ்டிக்தானோ என்று ஐயுறப்படும் ஒரு செடி. வைத்தியத்துக்குச் செலவிட்டதைத் தாருங்கள் என்று நோயுற்றோர் அனுப்பும் கோரிக்கைகள் நாள்தோறும் அந்த அறையில் அலையலையாய் வந்து மோதும். தருவதா தள்ளுவதா என்று தீர்ப்பளிப்பது ஐந்து மேசைக்காரர்களின் வேலை. பெரும்பாலும் தருவோர் நால்வர். பெரும்பாலும் தள்ளுவோர் ஒருவர். அந்த ஒருவரைத்தான் சற்றுமுன் வாழ்த்தினோம்.

பெற்றோர் இட்ட பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும் உயிர்வாழ்கிறது. உடன் வேலை பார்ப்போர் அவரைக் கத்தரிக்கோல் என்பர். மரியாதை கருதி ‘ஆர்’ சேர்த்தது நாம். இங்கே அந்த அறையின் போர்முறையைச் சற்று விளக்கியாக வேண்டும், பின்னால் வரும் பெரும்போர் அதைச் சுற்றியே சுழல்வதால். ஒரு கோரிக்கையை ஏற்பதற்கு ஒரே பொத்தான்; தட்டினால் தீர்ந்தது. மறுப்பதற்கோ மூன்று காரணங்களை விதி எண்ணோடு எழுத வேண்டும். மூன்றும் நிரம்பாமல் கணினி நகரவிடாது. வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைப்பவருக்கு ஏற்பதே சுகம். கத்தரிக்கோலாரோ சுகத்தை இளமையிலேயே துறந்தவர். தேதி மேலே இருக்க வேண்டியது கீழே இருக்கிறது என்பது அவருக்கு ஒரு காரணம். மருத்துவர் கையெழுத்து பெட்டிக்கு வெளியே வழிந்துவிட்டது என்பது இன்னொன்று. எல்லாம் சரியாக இருந்து தொலைத்தால், சிகிச்சை தொடங்குமுன் நிறுவனத்திடம் அனுமதி பெறவில்லை என்று எய்வதற்கு ஒரு பிரம்மாஸ்திரம் எப்போதும் அவர் தூணியில் இருக்கும். முன் அனுமதி வாங்க வேண்டும் என்பது உலகில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அது அவருக்குத் தெரியும்.

இத்தகைய மாவீரருக்கு நேர்ந்ததைச் சொல்ல நா கூசுகிறது. களத்தில் பழகிய விரல் வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள், தோழிகளோடு ஒருநாள் வெளியூர் போய்வரட்டுமா என்று கேட்டாள். விவரம் போதாது என்றார். புதுச் செருப்பு கேட்டாள். பழையதைக் கொண்டுவரச் சொல்லி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இன்னும் தேய்மானம் வேண்டும் என்றார். பூப்பந்து இறுதி ஆட்டத்துக்கு நீங்கள் வந்து உட்கார்ந்தாலே போதும் என்று அவள் கெஞ்சலாகக் கேட்டபோது, செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே, இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்றார். தொடக்கத்தில் அவள் சிரித்தாள். பிறகு சண்டை போட்டாள். பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டாள். ஒரே மேசையில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, “அம்மா, அந்தத் தண்ணிய இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா” என்பாள். கேட்பவரை மறுக்கலாம், கேட்காதவரை எந்த விதியின்கீழ் மறுப்பது? கத்தரிக்கோலாரின் கணக்கில் விழுந்த முதல் தோல்வி அதுதான். அவருக்கு அது வலித்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்றாலும், இரவில் தண்ணீர் குடிக்க எழும்போதெல்லாம் மகளின் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு சற்றுநேரம் நிற்கும் அளவுக்கு வலித்தது.

அவர் மனைவி பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியை. அமிலத்தையும் காரத்தையும் ஒரே கையால் ஆளப் பழகியவர். ஒருநாள் காலை, டிபன் பெட்டியை மூடிக்கொண்டே, எட்டுத் திசையும் கேட்க அவர் ஓர் அறிவிப்பு விடுத்தார்.

“நல்ல மனநல ஆலோசகராப் பாத்து ஒருதரம் போயிட்டு வாங்க. இல்லன்னா இனிமே நானும் உங்ககிட்ட எதையும் கேக்குறதா இல்ல.”

மலைகள் நடுங்கின, கடல்கள் பின்வாங்கின, கத்தரிக்கோலார் செருப்பை மாட்டினார்.

ஆலோசனை நிலையம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. குறுகிய மாடிப்படி, அதன் முடிவில் ஒரு காத்திருப்பு அறை, அட்டை கிழிந்த வார இதழ்கள், சுவரில் அருவிப் படம். வரவேற்பு மேசைப் பெண் அவர் பெயரைக் குறித்துக்கொண்டு, தன் வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வியை, அதன் கனம் அறியாமல், சாதாரணமாகக் கேட்டாள்.

“இன்சூரன்ஸா சார், கையில கட்டுறீங்களா?”

கேளீர், கேளீர். அந்தக் கணத்தில் கத்தரிக்கோலாரின் நெஞ்சகமாகிய பெருவெளியில் இருபெரும் சேனைகள் எதிரெதிர் அணிவகுத்தன. வலப்புறம் காப்பீட்டுச் சேனை, பொன்னிறக் கொடி பறக்க வந்து நின்றது. மாதந்தவறாமல் உம் சம்பளத்தில் பிடித்த பணமெல்லாம் யாருக்காக ஐயா என்று அது முரசறைந்தது. கைக்காசு செலவின்றி ஆறுதல் பெறலாம் என்று சங்கூதியது. ஆனால் அந்தச் சேனையின் பின்வரிசையில் நின்றவர்களின் முகங்கள் சரியில்லை. காப்பீடு வேண்டுமென்றால் ஆலோசகர் உம் துன்பத்துக்கு ஒரு நோய்ப்பெயர் சூட்டியாக வேண்டும் என்றது ஒன்று. எத்தனை அமர்வில் நீர் தேற வேண்டும் என்பதை நிறுவனம் முடிவுசெய்யும் என்றது இன்னொன்று. கடைசியாக நின்ற கரிய உருவம் ஒன்று வாயே திறக்கவில்லை. மூன்றாம் மாடியை மட்டும் சுட்டிக்காட்டியது. நிறுவனத்துக்கு வரும் கோரிக்கைகள் எல்லாம் அவருடைய பிரிவுக்கே வரும். அங்கே எதிர்மேசையில் பூதக்கண்ணாடி அக்கா இருக்கிறார். எழுத்துக்கு எழுத்து படிக்காமல் எதையும் கீழே வைக்காதவர். ஊரார் மூலநோயை எல்லாம் முகம் மாறாமல் படித்தவர், அடுத்த மேசைக்காரரின் மனநோயை எப்படிப் படிப்பார்?

இடப்புறம் நின்றது கைக்காசுச் சேனை. அது சிறிது, ஆனால் ஊமைச் சேனை. எந்தக் கேள்வியும் கேட்காது, எந்தப் பெயரும் சூட்டாது, எங்கும் போய் எதையும் சொல்லாது. ஆயினும் அதன் தளபதியாகிய பணப்பை, கத்தரிக்கோலாரின் கால்சட்டைப் பின்பைக்குள் கிடந்து, வெட்டப் போகும் இடத்துக்கு வந்துவிட்டோம் என்றறிந்த ஆடுபோல் நடுங்கியது.

சேனைகள் மோதின. புழுதி எழுந்தது. பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். ஒரு குழந்தை நாற்காலிக் காலை உதைத்து உதைத்து விளையாடியது. வரவேற்புப் பெண் தலையை நிமிர்த்தாமலே அதே கேள்வியை மீண்டும் கேட்டாள். அப்புறம் தலையை நிமிர்த்தியும் கேட்டாள். வெட்கம் என்னும் வேல் வந்து தைக்க, சிக்கனம் என்னும் சிங்கம் வாழ்நாளில் முதன்முறையாக மண்டியிட்டது.

“கையிலயே கட்டிடறேன்” என்றார்.

ஆயினும் அரைவாசி சிங்கம் இன்னும் உயிரோடுதான் இருந்தது. ஒருமணி நேரத்துக்கு முழுக் கட்டணம் என்றால், அரைமணி நேரத்துக்கு அரைக் கட்டணம்தானே என்று அது மெல்ல உறுமியது. அந்த நிலையத்தில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இருந்தும் ஆலோசகர் அம்மையார் பெரிய மனதோடு ஒத்துக்கொண்டார். காப்பீட்டில் வேலை பார்ப்பவர் காப்பீட்டில்தானே போவார் என்று மனைவி நினைத்திருந்தார். கத்தரிக்கோலார் அந்த நினைப்பைக் கலைக்கவில்லை. டீயை விட்டார், முடிவெட்டுவதைத் தள்ளிப்போட்டார், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாரந்தோறும் அரைமணி ஆறுதலை வாங்கினார்.

அரைமணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதை ஆறுதல் தேடிப் போனவர்கள் அறிவர். முதல் பத்து நிமிடம் கூச்சத்திலேயே கழியும். அடுத்த பத்து நிமிடம் அலுவலகக் கதை ஓடும். அதற்கப்புறம்தான் நெஞ்சில் கல்போல் கிடப்பது லேசாக அசையும். அசைந்த கல்லின் அடியிலிருந்து, ‘என் பொண்ணு இப்பல்லாம்’ என்று ஒரு குரல் கிளம்பும் அந்த நேரத்தில் சரியாக மேசைக் கடிகாரம் மணியடிக்கும். நம் வீரர் அந்தச் சொற்களை அப்படியே விழுங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, படியிறங்குவார். அடுத்த வாரம் கூச்சத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பாதிக் கிணறு தாண்டுவதை வாரந்தோறும் ஒரு வழக்கமாகவே வைத்துக்கொண்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

பொறுத்துப் பார்த்த ஆலோசகர் அம்மையார் ஒருநாள் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்.

“பொண்ணுன்னு நீங்க ஆரம்பிக்கும்போது நேரம் முடிஞ்சிடுது சார். முழு நேரம் வாங்க. செலவுதான் யோசனைன்னா இன்சூரன்ஸ்ல போட்டுடலாம். பேர் எங்கயும் வராது, நம்பர்தான் போகும்.”

பெயர் வராது என்பது உண்மை. கோரிக்கையாளரின் பெயரை மறைத்து எண்ணை மட்டும் காட்டுவது அந்தப் பிரிவின் வழக்கம். அது எப்படி மறந்துபோனது என்று தம்மையே நொந்துகொண்டு கத்தரிக்கோலார் சம்மதித்தார். இதுவரை நடந்த அரைமணி அமர்வுகளையும் சேர்த்து அம்மையார் நான்கு வரியில் ஒரு குறிப்பு எழுதினார். அதை வாங்கிப் பார்த்தார் நம் வீரர். பார்த்ததுதான் தாமதம், உள்ளே உறங்கிய தொழில்திறம் சிலிர்த்து எழுந்தது. இவ்வளவு மெலிந்த குறிப்பை எந்த மூன்றாம் மாடி ஏற்கும்? தம் மேசைக்கு வந்தால் விவரம் போதாது என்று ஒரே வீச்சில் அவரே வெட்டிவிடுவாரே. ஆகவே, உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அம்மையாரை எழுத வைத்தார். கோரிக்கையாளர் காப்பீட்டு நிறுவனமொன்றில் கோரிக்கைகளைப் பரிசீலிப்பவர் என்று எழுத வைத்தார். மறுப்பதில் வல்லவர் என்பதால் உடன் பணிபுரிவோர் அவரைக் கத்தரிக்கோல் என்று அழைப்பர் என்று எழுத வைத்தார். மகள் கேட்பதை நிறுத்தியது, தண்ணீரைத் தள்ளச் சொல்வது, ஒன்று விடவில்லை. எந்த விரலாலும் வெட்ட முடியாத குறிப்பு அது. அவர் செய்த வேலைகளிலேயே சிறந்தது. பெருமிதத்தோடு படியிறங்கியவர், மூக்குக்கண்ணாடிக் கடையின் கண்ணாடி அலமாரியில் தம் முகத்தைப் பார்த்த பிறகுதான், பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம் என்று உணர்ந்து ஆடிப்போனார். திரும்பப் படியேறி ஓடினார். வரவேற்புப் பெண் கோரிக்கையை அனுப்பிவிட்டிருந்தாள்.

இனிப் போர். போருக்கு முன் களத்தின் விதி ஒன்றை அறிக. வந்து குவியும் கோரிக்கைகளைக் கணினி ஒரே வரிசையில் நிறுத்தும். எந்த மேசை முதலில் ஓய்கிறதோ அந்த மேசைக்கு அடுத்ததைத் தள்ளும். அந்த வாரத்தில் அனுப்பப்பட்டவை வியாழக்கிழமை வரிசைக்கு வரும் என்பது கத்தரிக்கோலாருக்குத் தெரியும். தம் கோரிக்கை பிறர் கண்ணில் படாமல் தம் மேசைக்கே வர வேண்டுமானால், ஐவரிலும் முதலில் ஓய்பவராக நாள் முழுவதும் அவரே இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று காரணம் எழுதிக்கொண்டிருந்தால் அது நடக்குமா? நடக்காது. ஏற்றால்தான் வேகம். மறுப்பின் மாமன்னர் அந்த வியாழன் முழுவதும் ஏற்க வேண்டும்.

ஆ, அந்த வியாழக்கிழமையை எப்படிப் பாடுவது. சட்டைக்கையை மடித்துவிட்டு, சாயும் நாற்காலியைச் சாயாத பக்கமாகத் திருப்பி, கத்தரிக்கோலார் களத்தில் குதித்தார். லாரி ஓட்டுநர் ஒருவரின் இடுப்புவலி வந்தது, படித்தார், ஏற்றார். பாட்டு ஆசிரியை ஒருவரின் தொண்டை வந்தது, ஏற்றார். இரட்டைக் குழந்தைகளின் பற்கள், ஒரே மாதிரிச் சொத்தையோடு, ஜோடியாக வந்தன, இரண்டையும் ஏற்றார். அவர் கஞ்சர்தான், கறார்ப் பேர்வழிதான், ஆனால் கள்ளர் அல்லர். ஆகவே படிக்காமல் எதையும் ஏற்கவில்லை, மெய்யாகவே குறையுள்ளதை ஒதுக்கியும் வைத்தார். வியப்பு என்னவென்றால், ஒதுக்க வேண்டியவை விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தன. தேதி கீழே இருந்தாலும் அது தேதிதான் என்பது அன்று அவருக்குத் தெரிந்தது. முன் அனுமதிப் பெட்டியை மட்டும் அன்று அவர் கண் தொடவே இல்லை. அதைப் பார்த்தால் கை தானாக அம்பறாத்தூணிக்குப் போய்விடும் என்ற பயம்.

சரி, சரி, சரி என்று தட்டுகிற பொத்தானுக்கெல்லாம் வாயும் தானாகத் தாளம் போட்டது. மற்ற மேசைக்காரர்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள். பிரிவின் தலைவர் தம் அறையிலிருந்து எட்டிப்பார்த்து, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா, வீட்டுக்குப் போகிறீர்களா என்று தணிந்த குரலில் விசாரித்துவிட்டுப் போனார். கத்தரிக்கோலார் உண்ணவில்லை, எழவில்லை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்த்திருந்தார். பிற்பகலில் பூதக்கண்ணாடி அக்கா சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, ஒரு மூட்டுவலியை நிதானமாக முடித்தார். அதே நொடியில் நம் வீரரும் ஒரு காதுவலியை முடித்தார். இரு மேசையும் ஓய்ந்தன. கணினி யோசித்தது. உலகம் மூச்சைப் பிடித்தது. அடுத்த கோரிக்கை கத்தரிக்கோலாரின் திரையில் வந்து மலர்ந்தது.

அவருடையதுதான்.

வென்றோம் என்று துந்துபி முழங்கியிருக்க வேண்டும். ஆனால் அவர் படிக்கத் தொடங்கிவிட்டார். தாம் சொல்லச் சொல்ல எழுதிய வரிகள் எல்லாம் தெரிந்தவைதான். அடியில், தாம் சொல்லாத வரி ஒன்று இருந்தது. மகளைப் பற்றிப் பேசும்போது இவர் குரல் உடைகிறது, உதவி கிடைத்தால் தேறுவார் என்று அம்மையார் தாமாகச் சேர்த்திருந்தார். ஊரில் உள்ளோர் துயரமெல்லாம் படித்தும் கலங்காத கண்கள், எண் மட்டும் உள்ள இந்த ஆளுக்காகக் கலங்கின. விரல் ஏற்கும் பொத்தானின்மேல் போய் நின்றது. ஒரு தட்டு, முழுமணி நேரம் கிடைக்கும், யாருக்கும் தெரியாது. ஆனால் தம் கோரிக்கையைத் தாமே ஏற்கவும் கூடாது, தாமே மறுக்கவும் கூடாது, வேறொரு மேசைக்குத் தர வேண்டும் என்பது விதி. அதை மீறினால் அவர் கத்தரிக்கோல்கூட இல்லை, வெறும் திருடர். நெடுநேரம் நின்ற விரல் கடைசியில் மடங்கிக்கொண்டது.

எழுந்தார். பத்தடி தூரத்தில் இருந்த எதிர்மேசைக்கு, கோட்டை வாயிலை நோக்கி வெள்ளைக்கொடியோடு போகும் அரசனைப்போல் நடந்தார்.

“அக்கா, என் ஸ்கிரீன்ல இருக்கிறது என்னோட கிளெய்ம். நான் பாக்கக் கூடாது. நீங்க பாத்துடுங்க.”

பூதக்கண்ணாடி அக்கா ஏற இறங்கப் பார்த்தார். கோரிக்கையைத் தம் மேசைக்கு மாற்றி வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து படித்தார். கத்தரிக்கோலார் பக்கத்தில் நின்று அந்தச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வழியாக அக்கா தலையை நிமிர்த்தினார்.

“தம்பி, முன் அனுமதி வாங்கலையே.”

எய்தவன் மார்பையே தேடி வந்தது அம்பு. ஊரார் கோரிக்கையில் முதல் பார்வையிலேயே தென்படும் அந்தக் குறை, தம்முடையதில் இவ்வளவு நாளும் அவர் கண்ணில் படவே இல்லை. மறைவாகக் கைக்காசு கட்டிச் சிகிச்சையைத் தொடங்கியவர் யாரிடம் போய் முன் அனுமதி கேட்டிருப்பார்? தள்ள வேண்டியதுதான். ஆனால் அக்கா விசைப்பலகையில் கைவைத்தவர் தயங்கினார்.

“தள்ளணும்னா மூணு காரணம் எழுதணும். எனக்கு ஒண்ணுதான் தெரியுது. மத்த ரெண்டையும் நீங்களே சொல்லிடுங்க.”

மாவீரன் வீழும்போதும் வில்லை விடான் என்று பாடுவர் புலவர். கத்தரிக்கோலார் குனிந்தார், திரையை ஒருமுறை மேலிருந்து கீழாக உழுதார், நிமிர்ந்தார். அரைமணி அமர்வு என்று ஒரு வகை பட்டியலிலேயே கிடையாது என்றார். ஆலோசகரின் பதிவு எண்ணில் முத்திரை மை படிந்து கடைசி இலக்கம் தெரியவில்லை என்றார். விதி எண்களையும் மனப்பாடமாகச் சொன்னார். அக்கா எழுதிக்கொண்டே வந்தவர், மூன்றாவதைத் தட்டும்போது தாங்காமல் சிரித்துவிட்டார். அவருக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மற்ற மூவருக்கும் அன்றைய நாளில் எதுவுமே விளங்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அக்கா நாற்காலியைக் கிட்டே இழுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“நானும் ரெண்டு வருஷமா ஒரு இடத்துக்குப் போயிட்டு வர்றேன். கையில காசு குடுத்துத்தான். இங்க போட்டா நீங்க படிப்பீங்களேன்னு பயம்.”

தாம் யாரைக் கண்டு ஒளிந்தாரோ அவர் தம்மைக் கண்டே ஒளிந்திருக்கிறார் என்று அறிந்த கத்தரிக்கோலார், மன்னிச்சிடுங்க அக்கா என்று மட்டும் முனகினார். அதுக்கென்ன, இனிமேலாவது முழு நேரமும் உட்கார்ந்து பேசுங்கள் என்று சொல்லிவிட்டு, அக்கா அடுத்த மூட்டுவலியை எடுத்தார்.

அன்று மாலை, போர் முடிந்து மீளும் வேந்தன் அரசவையில் நிற்பதுபோல், நம் வீரர் சாப்பாட்டு மேசையருகே நின்றார். அழுக்குத் துணி மூட்டை ஒரு நாற்காலியில் இருந்ததால் உட்காரவும் இடமில்லை. இத்தனை நாளும் கைக்காசு கட்டிப் போனதையும், அரைமணி நேரக் கஞ்சத்தனத்தையும், தம் பிரிவிலேயே தம் கோரிக்கை தள்ளப்பட்டதையும், அதற்கு இரண்டு காரணங்களைத் தாமே எடுத்துக்கொடுத்ததையும் சொன்னார். மனைவி முதலில் முறைத்தார், பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். மகள் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இனி விலக வழியில்லை என்று கண்ட கத்தரிக்கோலார், முகவுரையோ உட்பிரிவோ இல்லாமல், அவளைப் பார்த்தே பேசினார்.

“நீ எங்கிட்ட எதையும் கேக்குறதில்ல. எனக்கு அது தாங்கலம்மா. அதுக்குத்தான் போறேன். இனிமே முழுக் காசு கட்டி முழு நேரமும் போறேன்.”

மகள் கை கழுவினாள். தன் அறைக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. துணி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்த மாமன்னர், இந்தப் போரில் இரண்டு சேனைகளும் தோற்றுவிட்டன என்று முடிவுகட்டி, மனைவி கொண்டுவந்து வைத்த டீயைக்கூடத் தொடாமல் இருந்தார். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அவள் வாசற்படியில் சாய்ந்து, அம்மாவைப் பார்க்காமல், நேராக அவரைப் பார்த்துக் கேட்டாள்.

“அப்பா, நாளைக்குக் காலைல என்னைய பஸ் ஸ்டாப்புல விட்டுடுறீங்களா?”

அந்தச் சொல் காதில் விழுந்ததும், அரைவாழ்நாள் ஆண்ட மறுப்புகள் எல்லாம், வண்டியில் பெட்ரோல் குறைவு என்றும், அது எதிர்த்திசை என்றும், இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும் என்றும், வாளும் வேலும் கேடயமும் மின்ன, யானைகள் பிளிற, கொடிகள் படபடக்க, பழகிய பாதையில் புழுதி கிளப்பிக்கொண்டு தொண்டைக்குழி வழியே திரண்டெழுந்து, பற்களாகிய மதிலருகே வந்து கதவு திறக்கக் காத்துநிற்க, வெளியே தெருவில் ஏதோ ஒரு வண்டி கடந்துபோக, மனைவி மூச்சுவிடாமல் நிற்க, மகளின் கண்கள் பதிலுக்காக அவர் முகத்திலேயே நிலைத்திருக்க, விதிநூற் கடலின் கரைகண்ட, உட்பிரிவு வனத்தில் உலவிய, மறுப்பின் மாமன்னராகிய கத்தரிக்கோலார் வாய் திறந்தார்.

மறுநாள் காலை அவளைப் பஸ் ஸ்டாப்பில் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார்.